காய்ந்துபோகும் நொதியை நீர்க்கரடியின் புரதம் எப்படிக் காப்பாற்றுகிறது?

கீழக்கரையில் விலங்கியல் கடைசி வருடம் படிக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "நீர்க்கரடியின் புரதத்தைக் கலந்து காயவைத்தால் நொதி கெடுவதில்லை என்று படித்தேன். காயவைத்தாலே எதுவும் கெடாதுதானே, நம் ஊர்க் கருவாட்டைப் பாருங்கள். அப்புறம் நொதிக்கு மட்டும் ஏன் காவல்? அந்தப் புரதம் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறதா? இதில் புராஜெக்ட் ஏதாவது செய்ய முடியுமா?" நல்ல கேள்வி, எல்லாவற்றுக்கும் சேர்த்தே எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுமையாகப் படியுங்கள். புதிதாகப் படிக்கிறவர்களுக்கு இரண்டு வரி: நீர்க்கரடி (டார்டிகிரேட்) என்பது பாசியிலும் மணலிலும் வாழும், எட்டுக் கால்கள் உள்ள நுண்ணிய விலங்கு. நொதி (என்சைம்) என்பது உடலின் வேதிவினைகளை வேகப்படுத்தும் புரதம்.

கருவாட்டிலிருந்தே ஆரம்பிக்கலாம் தம்பி, உங்கள் குழப்பம் அங்கேதான் இருக்கிறது. பாம்பனிலோ ஏர்வாடியிலோ நெத்திலியைப் பரப்பிக் காயவைக்கும்போது நாம் எதிர்பார்ப்பது ஒன்றே ஒன்று, அது அழுகக் கூடாது. தண்ணீர் குறைந்தால் பாக்டீரியா பெருக முடியாது, மீனின் சொந்த நொதிகள் தசையைக் கரைப்பதும் நின்றுபோகும். உப்புப் போட்ட கருவாடு என்றால் காவல் இன்னும் பலம். நுண்ணுயிருக்குக் கிடைக்கும் தண்ணீரை நீர்ச்செயல்பாடு என்ற அளவால் சொல்வார்கள், சுத்தத் தண்ணீருக்கு அது 1. நிறைவுற்ற உப்புக் கரைசலின் நீர்ச்செயல்பாடு 0.75தான், மீனைக் கெடுக்கும் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவற்றுக்கு 0.9க்கு மேல் வேண்டும். சரி, அதே நெத்திலியை ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப்போடுங்கள். பச்சை மீனாகத் திரும்புமா? திரும்பாது. சதை ஊறும், மெதுவாகும், ஆனால் அதன் தசைப் புரதங்கள் ஏற்கெனவே உருக்குலைந்து ஒன்றோடொன்று ஒட்டிப்போனவை. சாப்பாடாகப் பார்த்தால் அது கெடவே இல்லை. வேலை செய்யும் பொருளாகப் பார்த்தால் எப்போதோ கெட்டுவிட்டது. நொதியை நாம் வைத்திருப்பது வேலை வாங்கத்தான். தண்ணீர் விட்டதும் எழுந்து பழைய வேகத்தில் வேலை செய்ய வேண்டும், இல்லாவிட்டால் அது வெறும் புரதத்தூள்.

தண்ணீர் போனால் நொதி ஏன் குலைகிறது? நொதி என்பது அமினோ அமிலங்களால் ஆன ஒரு நீளச் சங்கிலி, குறிப்பிட்ட ஒரு வடிவத்தில் மடிந்து நிற்கிறது. அந்த மடிப்பைப் பிடித்து நிறுத்துவதில் சுற்றியிருக்கும் தண்ணீருக்குப் பெரிய பங்கு உண்டு. தண்ணீரோடு ஒட்டாத பகுதிகள் உள்ளே ஒதுங்குகின்றன, மின்னேற்றம் உள்ள பகுதிகள் வெளியே தண்ணீரைப் பார்த்து நிற்கின்றன, இந்த ஏற்பாடுதான் வடிவத்துக்கே அடிப்படை. ஒரு கிராம் புரதத்தைச் சுற்றி ஏறத்தாழ 0.3 முதல் 0.4 கிராம் தண்ணீர் ஒட்டிக்கொண்டிருக்கும். இதில் கைவைக்கும் வரை நொதிக்குப் பெரிய கவலை இல்லை. அதற்குக் கீழே போகப் போக நிலைமை மாறுகிறது. முட்டை வெள்ளைக்கருவில் கிடைக்கும் லைசோசைமை வைத்துச் செய்த பழைய அளவீடுகளில், கிராமுக்கு 0.2 கிராம் தண்ணீராவது இருந்தால்தான் அது வேலையையே ஆரம்பிக்கிறது என்று கண்டார்கள். தண்ணீர் இல்லாமல் நொதி சும்மா நிற்பதில் தப்பில்லை, அதுதான் நமக்கும் வேண்டும். சிக்கல் எங்கே என்றால், ஒட்டியிருந்த தண்ணீர் விலகும்போது மேற்பரப்பில் இருக்கும் மின்னேற்றங்களுக்குத் துணை இல்லாமல் போகிறது. சங்கிலி தனக்குள்ளேயே வேறு பிடிமானம் தேடுகிறது, பக்கத்தில் இருக்கும் இன்னொரு மூலக்கூறையும் பிடித்துக்கொள்கிறது.

இதற்கு முன்னாலேயே இன்னொரு கெடுதலும் நடந்துவிடுகிறது, அதை நிறையப் பேர் கவனிப்பதில்லை. ஒரு சொட்டுக் கரைசல் காயும்போது அதில் இருப்பது எல்லாமே செறிவாகிறது. நொதி மட்டுமா, கூட இருக்கும் உப்பும்தான். நூறில் ஒரு பங்காகச் சுருங்கிய சொட்டில் உப்பு நூறு மடங்கு ஏறி நிற்கும். கரைசலின் அமிலத்தன்மையை நிலையாக வைக்கத்தான் பஃபர் போடுகிறோம், ஆனால் அந்த பஃபரில் உள்ள உப்புகளில் ஒன்று முந்திக்கொண்டு படிகமானால் மிச்சமிருப்பது வேறு கரைசல். சோடியம் பாஸ்பேட் பஃபரை உறையவைக்கும்போது அமிலத்தன்மை தாறுமாறாக ஏறுவது நன்றாகத் தெரிந்த விஷயம். அதனால் உங்கள் நொதி காய்வதால் மட்டும் சாகவில்லை. காய்வதற்குச் சற்று முன்னால் உப்பிலும் அமிலத்திலும் நெருக்கத்திலும் அடிபடுகிறது. கடைசியில் திரும்பத் தண்ணீர் விடும்போது, பாதி பிரிந்த மூலக்கூறுகள் சரியாக மடிவதற்குள் ஒன்றையொன்று கட்டிக்கொண்டு கட்டியாக இறங்கிவிடுகின்றன. போகும் வழியில் ஒரு ஆபத்து, திரும்பி வரும் வழியில் இன்னொரு ஆபத்து. நீர்க்கரடியின் புரதம் எதைத் தடுக்கிறது என்று கேட்டால், இரண்டையும்தான், ஆனால் இரண்டையும் ஒரே வழியில் தடுக்கவில்லை. இந்தப் பதிலில் நான் முக்கியமாகச் சொல்ல வருவது இதைத்தான்.

ஆய்வகத்தில் இதை எப்படிப் பார்க்கிறார்கள் என்று சொல்கிறேன். பெரும்பாலும் லாக்டேட் டிஹைட்ரஜனேஸ், சுருக்கமாக எல்.டி.எச்., என்ற நொதியை எடுத்துக்கொள்வார்கள். முயல் தசையிலிருந்து எடுத்தது கடையில் வாங்கக் கிடைக்கும். நான்கு துண்டுகள் சேர்ந்து ஒன்றாக இயங்கும் நொதி, காய்ந்தாலும் உறைந்தாலும் சீக்கிரம் கெட்டுப்போகும், அந்தப் பலவீனத்துக்காகவே அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நொதியை ரொம்பவும் நீர்த்து, கொஞ்சம் காவல் புரதத்தோடு கலந்து, சின்னக் குழாயில் விட்டு, வெற்றிடத்தில் வைத்துக் காயவைப்பார்கள். காய்ந்த பிறகு குழாயின் அடியில் கண்ணுக்கு ஏதோ ஒரு படலம் தெரியும், சில நேரம் அதுகூடத் தெரியாது. திரும்ப அதே அளவு தண்ணீர் விட்டு, அந்த நொதி வினைபுரியும் பொருள்களான பைருவேட்டும் என்.ஏ.டி.எச்.சும் சேர்த்து, ஒளி உறிஞ்சப்படுவதை அளக்கும் ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டரில் வைத்தால் 340 நானோமீட்டர் ஒளியை என்.ஏ.டி.எச். உறிஞ்சுவது தெரியும், நொதி உயிரோடு இருந்தால் அதைச் செலவழித்துக்கொண்டே போகும், திரையில் கோடு சரிந்து இறங்கும். எவ்வளவு செங்குத்தாக இறங்குகிறதோ அவ்வளவு நொதி பிழைத்திருக்கிறது. காவல் இல்லாமல் காய்ந்த குழாயில் கோடு ஏறக்குறைய படுத்தே கிடக்கும். அந்த இரண்டு கோடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தவர்களுக்கு இந்தத் துறையை விட்டு வர மனம் வராது.

இயற்கையில் காய்ந்து பிழைக்கும் உயிர்கள் பலவற்றின் பழைய உத்தி சர்க்கரை. ட்ரெஹலோஸ் என்று ஒரு இரட்டைச் சர்க்கரை. இதை விளங்கிக்கொள்ள நம் கடற்கரையை விட்டு வெளியே போகவே வேண்டாம். மண்டபத்தில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையத்தில் 2010இல் கடல் விராலைப் பொரிக்க வைத்தார்கள், இந்தியாவில் அதுதான் முதல் தடவை. அந்த மாதிரிக் குஞ்சுகளுக்கு இரையாகக் கொடுப்பது ஆர்டீமியா என்ற சின்ன உப்புநீர் இறால் வகை. அதன் காய்ந்த முட்டை டின்னில் வரும், பழுப்புத் தூள் மாதிரி இருக்கும், கடல்தண்ணீரில் போட்டுக் காற்று விட்டால் ஒரு நாளுக்குள் உயிரோடு நீந்தும். அந்தக் காய்ந்த முட்டையின் எடையில் சுமார் 15 சதவீதம் ட்ரெஹலோஸ்தான். ஆப்பிரிக்காவில் பாறைக்குழிகளில் வளரும் ஒரு வகைக் கொசுவின் புழுவில் 20 சதவீதம் வரைக்கும் போகும். ஆக, காய்ந்து பிழைக்க சர்க்கரை வேண்டும் என்றே பல காலம் நினைத்தார்கள். நீர்க்கரடியில் தேடினால் கணக்கு இடித்தது. சில இனங்களில் இரண்டு மூன்று சதவீதம், மில்னேசியம் டார்டிகிரேடம் என்ற இனத்தில் கண்டுபிடிக்கும் அளவுக்குக்கூட இல்லை. இத்தனைக்கும் நீர்க்கரடி கால்களை உள்ளிழுத்து, பீப்பாய் மாதிரி சுருண்டு, உடலில் சில சதவீதமே தண்ணீரை வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் கிடக்கிறது. அப்படியானால் வேறு ஏதோ இருக்க வேண்டும்.

அந்த வேறு ஏதோ 2012இல் டோக்கியோவில் தகேகாசு குனியேதாவின் குழுவுக்குக் கிடைத்தது. வழி ரொம்ப எளிமையானது. ராமசோட்டியஸ் வேரியோர்னாட்டஸ் என்ற நீர்க்கரடியை அரைத்துச் சாறு எடுத்து, அதைக் கொதிநிலைக்குப் பக்கத்தில் சூடாக்கினார்கள். சாதாரணப் புரதங்கள் வெந்து கட்டியாகி அடியில் இறங்கிவிட்டன. மேலே தெளிந்த நீரில் சில புரதங்கள் எதுவுமே நடக்காதது போலக் கரைந்தே இருந்தன. செல்லின் உள்ளே இருப்பவை, வெளியே சுரப்பவை என்று இரண்டு குடும்பங்களாகப் பிரித்தார்கள். செல்லின் உள்ளே இருப்பதற்குப் பெயர் சி.ஏ.எச்.எஸ்., செல்லுக்குள் நிறைந்திருக்கும், சூட்டிலும் கரைந்தே இருக்கும் புரதம் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்; இனிமேல் நான் சொல்லப்போவது பெரும்பாலும் இதைப் பற்றித்தான். மரபணுவைக் கதிர்வீச்சிலிருந்து காக்கும் டிசப் என்ற நீர்க்கரடிப் புரதத்தையும் இதையும் இணையத்தில் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். அது 2016இல் அதே டோக்கியோ குழு கண்டுபிடித்த வேறொரு புரதம், டி.என்.ஏ.வைப் பிடித்துக்கொள்வது அதன் வேலை. நொதியைப் பற்றிய பேச்சில் அதற்கு இடம் இல்லை.

2017இல் தாமஸ் பூத்பியும் கேரி பீலக்கும் இன்னும் சிலரும் சேர்ந்து அமெரிக்காவின் வட கரோலைனாவிலிருந்து வெளியிட்ட ஆய்வுதான் இதைப் பெரிய பேச்சாக்கியது. நீர்க்கரடியை மெல்லக் காயவிட்டால் இந்தப் புரதங்களுக்கான மரபணுக்கள் வேகமெடுக்கின்றன. அந்த மரபணுவை அடக்கிவிட்டால் காய்ந்து பிழைக்கும் நீர்க்கரடிகள் குறைகின்றன. அதே மரபணுவை ஈஸ்ட்டில் வைத்தால் ஈஸ்ட் காய்ந்துபோவதைத் தாங்கும் சக்தி சுமார் நூறு மடங்கு வரை கூடுகிறது. கூடவே சோதனைக் குழாயில் எல்.டி.எச்.சோடு கலந்து காயவைத்துப் பார்த்தார்கள், ட்ரெஹலோஸைவிடக் குறைந்த அளவிலேயே நொதியைக் காப்பாற்றியது. நீர்க்கரடியின் உடம்பில் நடப்பதும் குழாயில் நடப்பதும் ஒரே திசையைக் காட்டின, அதனால்தான் இந்த ஆய்வுக்கு அவ்வளவு மதிப்பு.

இப்போது அந்தப் புரதத்தைக் கிட்டத்தில் பார்ப்போம். சி.ஏ.எச்.எஸ். டி என்பதைத்தான் அதிகம் ஆராய்ந்திருக்கிறார்கள். சுமார் 230 அமினோ அமிலங்கள். நொதியைப் போல அதற்கு நிலையான மடிப்பு கிடையாது. தண்ணீரில் இருக்கும்போது உருவம் மாறிக்கொண்டே நெளியும். கொதிக்க வைத்தாலும் அது கட்டியாகாமல் இருப்பதற்கு அதுவே காரணம், குலைவதற்கு மடிப்பு என்று ஒன்று இருந்தால்தானே குலையும். நடுப்பகுதி நீளமானது, மின்னேற்றம் நிறைந்தது, தண்ணீர் குறையக் குறையச் சுருளாக முறுக்கிக்கொள்ளும் சுபாவம் உள்ளது. இரண்டு முனைகளும் ஒட்டும் குணம் உள்ளவை. செறிவு கூடும்போது, அதாவது செல் காய ஆரம்பிக்கும்போது, இந்த மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிடித்து மெல்லிய இழைகளாகின்றன, இழைகள் பின்னி வலையாகின்றன, முழுக் கரைசலும் கெட்டியாகிவிடுகிறது. நோன்புக் காலத்தில் உங்கள் ஊர் வீடுகளில் கடப்பாசி காய்ச்சுவார்களே, சூடாக இருக்கும்போது தண்ணீராக ஓடும், ஆறினால் அசையாமல் நிற்கும், திரும்பச் சூடாக்கினால் மறுபடியும் ஓடும். ஏறக்குறைய அதே நடத்தைதான். இந்தப் புரதக் கூழும் சூடாக்கினாலோ தண்ணீர் விட்டு நீர்த்தாலோ சுவடில்லாமல் கரைந்துவிடும். திரும்பக் கரைவதுதான் முக்கியம். கரையாத கட்டி என்றால் அது நோய், நரம்பு நோய்களில் புரதங்கள் அப்படித்தான் கட்டியாகின்றன.

இந்த வலைக்குள் சிக்கிய நொதி அங்கே இங்கே அலைய முடியாது. அசைய முடியாவிட்டால் பிரிந்து விரிய இடம் குறைவு, பக்கத்து நொதியைப் போய் முட்ட வாய்ப்பும் குறைவு. 2022இல் குனியேதா குழு, செல்லின் உள்ளே இந்த இழைகள் உருவாகி செல்லையே விறைப்பாக்குகின்றன என்று காட்டியது. பூத்பியின் குழு, அப்போது அவர் வயோமிங் பல்கலைக்கழகத்துக்குப் போயிருந்தார், மனித செல்களில் இதே புரதத்தை வைத்து, செல்லிலிருந்து தண்ணீரை வெளியே இழுக்கும் ஊடுபரவல் அழுத்தம் கொடுத்துப் பார்த்தது. இழை வலை உருவானது, செல்லின் வளர்சிதை மாற்றம் மந்தமானது, அழுத்தம் நீங்கியதும் வலை கரைந்து எல்லாம் பழைய வேகத்துக்குத் திரும்பியது. இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. செல் சுருங்காமல் தாங்கியதற்கும் பிழைத்ததற்கும் பெரிய தொடர்பு தெரியவில்லை, வளர்சிதை மாற்றம் மந்தமானதற்கும் பிழைத்ததற்கும்தான் தொடர்பு தெரிந்தது. முட்டுக்கொடுத்துத் தாங்குகிறது என்ற எளிய விளக்கத்தோடு நிறுத்திக்கொண்டிருந்தால் இது தெரியாமலே போயிருக்கும்.

தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறதா என்று கேட்டீர்கள். இல்லை. நிறையப் பேருக்கு முதலில் தோன்றும் விளக்கம் அதுதான், அதனால் அதையும் தனியாகச் சோதித்திருக்கிறார்கள். 2023இல் வந்த முடிவு: இந்தப் புரதம் தண்ணீரோடு நன்றாகவே உறவாடுகிறது, கூழாக இருக்கும்போது தண்ணீரின் அசைவையும் மட்டுப்படுத்துகிறது, ஆனால் காய்ந்த பிறகு மற்றவற்றைவிட அதிகமாக ஈரத்தைத் தக்கவைப்பதில்லை.

அப்படியானால் கண்ணாடி விளக்கம்? இதுவும் நீங்கள் படித்த கட்டுரைகளில் இருந்திருக்கும். சர்க்கரைப் பாகு படிகமாகாமல் அப்படியே இறுகினால் கண்ணாடி நிலை வரும், மூலக்கூறுகள் ஒழுங்கில்லாமலே உறைந்து நிற்கும், அதற்குள் மாட்டிய நொதியும் அப்படியே நிற்கும். 2017 ஆய்வு இந்தப் புரதங்களும் கண்ணாடி நிலைக்குப் போகின்றன, அந்த நிலையைக் கலைக்கும் அளவு சூடாக்கினால் காவலும் போய்விடுகிறது என்று சொன்னது. 2021இல் கசுஹாரு அரகாவாவும் கேய்ஜி நுமாதாவும் அதை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று எழுதினார்கள். சூட்டில் தெரிந்த மாற்றத்தைக் கண்ணாடி நிலையின் ஆதாரமாக எடுத்துக்கொள்ள முடியாது என்பது அவர்களின் வாதம். என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். கண்ணாடி நிலை தேவையான ஒன்றாக இருக்கலாம், ஆனால் அதையே முழுக் காரணமாக வைத்தால் ஏன் ஒரு சேர்மானம் ஒரு நொதியைக் காப்பாற்றி இன்னொன்றைக் கைவிடுகிறது என்பதற்குப் பதில் கிடைக்காது.

நம் கடற்கரையில் வேலை செய்கிறவர்களுக்குக் கண்ணாடி நிலையில் இன்னொரு நடைமுறைத் தொல்லையும் உண்டு. நன்றாகக் காய்ந்த ட்ரெஹலோஸ் 115 டிகிரிக்குப் பக்கத்தில்தான் இளகும், அதனால் அது அறை வெப்பத்தில் உறுதியாக நிற்கும். நாம் வீட்டில் போடும் சர்க்கரைக்கு அந்த அளவு அறுபது எழுபது டிகிரிதான். இரண்டும் ஈரத்தை இழுக்கும். சில சதவீத ஈரம் ஏறினாலே சீனியின் கண்ணாடி நிலை அறை வெப்பத்துக்குப் பக்கத்தில் இறங்கி, பிசுபிசுவென்று ஆகி, பிறகு படிகமாகும். படிகமாகும்போது நொதியை வெளியே தள்ளிவிடும். பாம்பன் காற்றில் மூடி சரியாக இறுகாத ஒரு குழாயை வைத்துவிட்டு மறுநாள் பாருங்கள், புரியும். வறண்ட குளிர்நாட்டு ஆய்வகத்தில் வந்த எண்ணை அப்படியே இங்கே எதிர்பார்க்க முடியாது.

இப்போது நான் எல்லோரும் படிக்க வேண்டும் என்று நினைக்கும் ஆய்வுக்கு வருகிறேன். 2019இல் பீலக்கின் குழு இரண்டு நொதிகளை எடுத்தது: எல்.டி.எச்., இன்னொன்று கொழுப்பை உடைக்கும் லிப்போபுரோட்டீன் லிப்பேஸ். வெறுமனே காயவைத்தல், உறையவைத்தல், உறையவைத்து உலர்த்தல் என்று மூன்று விதத்திலும் அடித்துப் பார்த்தார்கள். சி.ஏ.எச்.எஸ். புரதங்கள் இரண்டு நொதிகளையும் காப்பாற்றின. அதோடு நிறுத்தாமல், காய்வதைத் தாங்குவதோடு எந்த உறவும் இல்லாத சாதாரணப் புரதங்களையும், மடிந்தவை மடியாதவை என்று பலவற்றை, அதே இடத்தில் வைத்துப் பார்த்தார்கள். அவற்றில் பலவும் நொதியைக் காப்பாற்றின! எல்.டி.எச். விஷயத்தில், சேர்க்கும் புரதத்தில் மின்னேற்றம் எவ்வளவு அடர்த்தியாக இருக்கிறதோ அதற்கேற்பக் காவலும் கூடுகிறது என்ற போக்கு தெரிந்தது, முழுக்கப் பொருந்தாவிட்டாலும். செய்தித்தாள்களில் வந்த "நீர்க்கரடியின் ரகசியம்" என்ற தோரணைக்கு இது ஒத்துவராது, ஆனால் விஞ்ஞானமாக இது பெரிய லாபம். காவலின் ஒரு பகுதி எந்தப் புரதமும் செய்யக்கூடியது: நடுவில் நின்று நொதிகளை ஒன்றோடொன்று முட்டவிடாமல் பிரித்து வைப்பது, காயும் சொட்டின் மேற்பரப்பில் நொதிக்குப் பதிலாகத் தானே போய் ஒட்டிக்கொள்வது. இன்னொரு பகுதி மின்னேற்றத்தைப் பொறுத்தது. விலகிப்போன தண்ணீரின் இடத்தில் நொதியின் மேற்பரப்புக்குத் துணையாக நிற்பது. மூன்றாவது பகுதி கூழாகி அசைவை நிறுத்துவது, அதைத்தான் சாதாரணப் புரதம் இவ்வளவு குறைந்த செறிவில், இவ்வளவு எளிதாகத் திரும்பக் கரையும்படி செய்யாது. எந்த நொதி எந்த வழியில் சாகிறதோ அதற்கேற்ற காவல்தான் அதற்கு உதவும். சிட்ரேட் சின்தேஸ் என்ற இன்னொரு நொதி காயும்போது முக்கியமாகக் கட்டியாகிறது, ஆக அதற்குப் பிரித்து வைப்பவர் போதும். எல்.டி.எச். வடிவமே குலைகிறது, அதற்கு இறுக்கிப் பிடிப்பவர் வேண்டும்.

சர்க்கரையா புரதமா என்ற சண்டையும் இப்போது அவ்வளவாக இல்லை. 2022இல் வந்த ஒரு ஆய்வு, ட்ரெஹலோஸும் சி.ஏ.எச்.எஸ்.சும் சேர்ந்தால் இரண்டும் தனித்தனியாகச் செய்வதன் கூட்டுத்தொகையைவிட அதிகமாகக் காப்பாற்றுகின்றன என்று காட்டியது, அதுவும் ட்ரெஹலோஸ் கொஞ்சமாக இருந்தாலே போதும். சில நீர்க்கரடிகளில் இருக்கும் அந்த இரண்டு மூன்று சதவீதச் சர்க்கரைக்கு அர்த்தம் அங்கே கிடைக்கிறது.

இது எதற்கு நமக்கு என்று யாராவது கேட்டால், பக்கத்து ஆரம்பச் சுகாதார நிலையத்துக்குப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். பாம்புக்கடிக்குப் போடும் விஷமுறி மருந்து நம் பக்கத்தில் வெள்ளைத்தூளாகச் சின்னக் குப்பியில் இருக்கும். குதிரையின் ரத்தத்திலிருந்து எடுத்த எதிர்ப்புரதத்தை உறையவைத்து உலர்த்திய தூள் அது. செவிலியர் 10 மில்லி தண்ணீர் விட்டு, குலுக்காமல், குப்பியை உள்ளங்கையில் வைத்து மெதுவாகச் சுழற்றிக் கரைப்பார். குலுக்கினால் நுரை வரும், நுரையின் மேற்பரப்பில் புரதம் குலையும். உடைமரக் காட்டிலும் பனங்காட்டிலும் பாம்பு கடித்து வருகிறவர்களுக்கு, கரண்ட் போனாலும் கெடாமல் ஒரு புரத மருந்து காத்திருக்கிறது என்றால் அது உலர்த்தும் கலையால்தான். ஆனால் எல்லாப் புரத மருந்தையும் இப்படி உலர்த்திவிட முடியவில்லை. இன்சுலினும் தடுப்பூசிகளில் பலவும் இன்னமும் 2 முதல் 8 டிகிரிக்குள் ஐஸ் பெட்டியில்தான் தீவுகளுக்கும் கடலோரக் குப்பங்களுக்கும் போகின்றன. ரத்தம் உறையாத ஹீமோபிலியா நோயாளிகளுக்குத் தேவையான எட்டாம் உறைகாரணியை, சி.ஏ.எச்.எஸ். டி.யின் இயல்பான வடிவத்தையும் மாற்றியமைத்த வடிவங்களையும் சேர்த்து உலர்த்தி, குளிர்பெட்டி இல்லாமல் வைத்திருந்து, திரும்ப வேலை வாங்க முடியும் என்று 2023இல் பூத்பி குழு காட்டியிருக்கிறது. மனிதருக்கு ஊசியில் போடும் நிலைக்கு அது வரவில்லை, வேற்று உயிரின் புரதம் உடலுக்குள் போனால் என்ன எதிர்ப்பு வரும் என்பதையெல்லாம் பார்த்தாக வேண்டும். ஆனாலும் வெயிலும் ஈரமும் சேர்ந்த நம் மாதிரி ஊருக்கு இதைவிட அவசியமான ஆராய்ச்சி அதிகம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

நீர்க்கரடியைப் பார்க்க ஆசைப்பட்டால் கடலுக்குள் தேடாதீர்கள். கடல் மணலின் துகள்களுக்கு நடுவே வாழும் இனங்கள் உண்டு, ஆனால் கடல் இனங்களில் பெரும்பாலானவை காய்ந்தால் செத்துவிடும். நீர் ஏறி இறங்கும் இடத்தில், பாறையில் ஒட்டி வாழும் பார்னக்கிள் ஓடுகளின் மேல் வாழும் எக்கினிஸ்காய்டஸ் மாதிரி ஒருசில மட்டுமே விதிவிலக்கு. அவற்றின் பிரிவில் சி.ஏ.எச்.எஸ். குடும்பமும் கிடையாது, அந்தப் பிரிவைச் சேர்ந்த எக்கினிஸ்கஸ் என்ற நிலத்து இனத்தில் வேறொரு புரதக் குடும்பம் தனியாகத் தோன்றி அதே மாதிரி வேலையைச் செய்வதாகத் தெரிகிறது. ஐப்பசி கார்த்திகை மழைக்குப் பிறகு பழைய கிணற்றுச் சுவரின் நிழல் பக்கத்தில் படரும் பாசியைக் கொஞ்சம் சுரண்டி, மழைத்தண்ணீரில் சில மணிநேரம் ஊறவைத்துப் பிழிந்து, உங்கள் கல்லூரியின் சாதாரண நுண்ணோக்கியில் குறைந்த உருப்பெருக்கத்தில் பாருங்கள், எட்டுக் கால்களோடு மெதுவாகத் தடுமாறி நடக்கும். பார்த்த பிறகு வெயிலில் வைக்க வேண்டாம். காய்ந்த நிலையில் ஒரு மணி நேரம் 80 டிகிரியைக்கூடப் பாதிப்பேர் தாங்குவார்கள், ஆனால் ஈரத்தோடு நடமாடும் நீர்க்கரடியை 37 டிகிரியில் ஒரு நாள் வைத்தாலே பாதி செத்துவிடும் என்று ராமசோட்டியஸ் இனத்தில் அளந்திருக்கிறார்கள். நம் ஊர்ச் சித்திரை வெயில் அதற்குப் போதும்.

கடைசியாக புராஜெக்ட். சி.ஏ.எச்.எஸ். மரபணுவைப் பாக்டீரியாவில் வைத்துப் புரதம் எடுப்பது கல்லூரி ஆய்வகத்தில் கஷ்டம், பல்கலைக்கழக ஆய்வகம் துணைக்கு இருந்தால் மட்டும் யோசியுங்கள். அதற்குப் பதிலாக விதையைப் பிடியுங்கள். விதைகளும் காய்ந்து பிழைப்பவைதான், அவற்றிலும் சூட்டில் கட்டியாகாத, நிலையான மடிப்பில்லாத காவல் புரதங்கள் உண்டு. லியோன் டூர் 1981இல் அவற்றை முதலில் கண்டது பருத்தி விதையில். நம் மாவட்டத்தில் பருத்திக்குப் பஞ்சமா என்ன. விதையை ஊறவைக்காமல் உலர்ந்தபடியே அரைத்து, பஃபரில் கலந்து, கொதிநீரில் வைத்து ஆறவைத்து, மையவிலக்கியில் சுற்றி மேலே நிற்கும் தெளிவை எடுத்தால் அந்தப் புரதங்கள் செறிந்திருக்கும். சோதனை நொதியாக உமிழ்நீர் அமிலேஸை எடுக்காதீர்கள், அது லேசில் சாகாத நொதி, காவல் இல்லாமலே பிழைத்துவிட்டால் உங்களுக்குக் காட்ட எதுவும் இருக்காது. கேட்டலேஸ் எடுங்கள், ஹைட்ரஜன் பெராக்சைடை உடைத்து ஆக்சிஜன் குமிழிகளை விடும் நொதி அது, ஆனால் ஈரல் சாற்றையோ உருளைக்கிழங்குச் சாற்றையோ அப்படியே பயன்படுத்த வேண்டாம். அதிலிருக்கும் மற்றப் புரதங்களே காவலாகிவிடும், 2019 ஆய்வு சொன்னதை நினைவில் வையுங்கள். சுத்திகரித்த கேட்டலேஸை வாங்கி நன்றாக நீர்த்துக்கொள்ளுங்கள்.

குழாய்களில் ஒன்று காயாமல் குளிரில் இருக்கட்டும், ஒன்று தனியாகக் காயட்டும், மற்றவை சர்க்கரையோடும் ஜெலட்டினோடும் விதைச் சாற்றோடும் காயட்டும். நுரை உயரத்தை வைத்து அளப்பதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை, புரதம் சேர்ந்தாலே நுரை கூடுதலாக எழும், அதனால் காயாத குழாயிலும் அளக்கும் நேரத்தில் அதே அளவு புரதத்தைச் சேர்த்துத்தான் ஒப்பிட வேண்டும். ஒவ்வொரு சேர்மானத்துக்கும் இப்படி ஒரு ஈரக் குழாய் வேண்டும். உலர்த்துவதற்குத் திறந்த ஜன்னல் காற்று ஆகாது, டெசிக்கேட்டர் என்ற காற்றுப்புகாத உலர்த்தும் பாத்திரத்தில், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லைப் புதிதாகச் சூடேற்றிப் போட்டு மூடுங்கள், கார்த்திகையில் அதை நாளுக்கு ஒரு தடவை மாற்ற வேண்டியிருக்கும். விதைச் சாற்றைக் கொதிக்கவைத்து எடுத்ததும், சர்க்கரை மாதிரிச் சின்ன மூலக்கூறுகளை வெளியே விட்டுப் புரதத்தை உள்ளே நிறுத்தும் டயாலிசிஸ் பையில் போட்டு, தண்ணீரை மாற்றி மாற்றி, குளிர்பெட்டியில் ஓர் இரவு வையுங்கள். விதையில் சுக்ரோஸும் ராஃபினோஸும் நிறைய உண்டு, அவற்றை வெளியேற்றாமல் விட்டால் நொதியைக் காப்பாற்றியது புரதமா சர்க்கரையா என்று தேர்வாளர் கேட்கும்போது பதில் இருக்காது. பையிலிருந்து வெளியேறிய அந்தத் தண்ணீரையும் கொட்டிவிடாதீர்கள், முதல் தடவை மாற்றியதைச் செறிவாக்கித் தனிக் குழாயில் சேர்த்துக் காயவையுங்கள், அப்புறம் இரண்டும் சேர்ந்த குழாய் ஒன்று. சர்க்கரையும் புரதமும் சேர்ந்தால் என்ன ஆகிறது என்பதை உங்கள் கையாலேயே பார்த்துவிடலாம்.